ஒரு கணினியில் ஒரு மொழியின் பல பதிப்புகள்

மொழி மாறும் இயல்பினது. சங்கப் புலவர் வழங்கிய சொற்களுட் பல இன்று வழக்கொழிந்தன. அவர் கேட்டறியாத சொற்கள் பல இன்று நம் நாவிற் பயில்கின்றன. காலத்தால் வரும் இம்மாற்றத்தைக் குற்றமெனத் தள்ளாது ஏற்றுக்கொள்ளுதல் நம் இலக்கண நூலார் கண்ட நெறி. ஆயினும், பழைய நூலொன்றைப் படிக்கப் புகுவோன் அந்நூல் எழுந்த காலத்து வழக்கை அறியாது இன்றைய பொருளை அதன்மேல் ஏற்றுவானாயின் பிழைபட உணர்வான். 'நாற்றம்' என்னுஞ் சொல் முற்காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. இக்காலத்தில் தீய மணத்தையே குறிக்கின்றது. எழுத்தும் ஒலியும் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

மக்கள் பேசும் மொழிக்குக் கூறிய இது, கணினிக்குக் கட்டளையிடுதற்பொருட்டு அறிஞர் ஆக்கிய செய்நிரல் மொழிகளுக்கும் பொருந்தும். அம்மொழிகளும் காலந்தோறும் திருந்துகின்றன. பழைய விதிகள் சில நீங்கப் புதிய விதிகள் சில புகுகின்றன. அவ்வாறு திருந்திய ஒவ்வொரு நிலையையும் பதிப்பு என்று வழங்குவர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மனிதன் ஒரு சொல்லிற் பொருள் மயங்குவானாயின் இடம் நோக்கித் தெளிவான். கணினிக்கு அத்தெளிவு இல்லை. நாம் எழுதியதை எப்பதிப்பினிடம் ஒப்படைத்தோமோ அப்பதிப்பின் விதிப்படி அது பொருள்கொண்டு செயலாற்றும். நாம் கருதியது வேறு என்பதை அது அறியாது. ஆதலால் ஒரு கணினியில் ஒரு மொழியின் பல பதிப்புகள் இருக்கும்போது, எவ்வேலைக்கு எப்பதிப்பு என்பதை வரையறுக்கும் பொறுப்பு நம்முடையதேயாகும். அப்பொறுப்பை நிறைவேற்றும் வழிகளைப் பைதன் மொழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம். நம் உயர்தர வகுப்புத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் அம்மொழி இடம்பெற்றிருத்தலும், பதிப்பு மாற்றத்தால் நெடுங்காலம் இடர்ப்பட்ட மொழிகளுள் அது தலைசிறந்த சான்றாயிருத்தலும் அதனைத் தெரிந்தமைக்குக் காரணங்களாம்.

ஏழு புள்ளிகள்

இவ்விடயத்தில் என் கருத்தை ஈர்த்தது நூலறிவன்று. என் தவறு ஒன்றேயாகும். 2018ஆம் ஆண்டில், யான் அப்போது கற்பித்த பாடசாலையில், ஒரு வகுப்பின் தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி காண்பதற்குச் சிறு செய்நிரல் ஒன்றைப் பைதன் மொழியில் எழுதினேன். வீட்டுக் கணினியில் எழுதிச் சோதித்தபின், பாடசாலைக் கணினியிலே அதனை இயக்கினேன். தடையின்றி இயங்கிற்று. பட்டியலும் உரிய நேரத்தில் ஒப்படைக்கப்பட்டது.

அப்பட்டியலின்படி இரு மாணாக்கர் 71 என்ற ஒரே சராசரியைப் பெற்று முதலிடத்தில் நின்றனர். பரிசு ஒன்றே இருந்தமையால், வரவு நாட்கள் மிகுதியாகவுள்ள மாணவனுக்கு அதனை வழங்குவதென முடிவாயிற்று. அடுத்த நாள் மற்றவன் ஒரு தாளுடன் என்னிடம் வந்தான். "சேர், எனக்கு ஏழு புள்ளி கூட. சராசரி மட்டும் எப்படி ஒன்றாக வந்தது?" என்று கேட்டான். ஒன்பது பாடங்களில் அவனுடைய கூட்டுத்தொகை 647, மற்றவனுடையது 640. 647ஐ 9ஆல் வகுத்தால் 71.89 வரும், 640ஐ வகுத்தால் 71.11 வரும். பட்டியலிலோ இரண்டும் 71 என்றே இருந்தன.

வீட்டிற்குச் சென்று அதே செய்நிரலை அதே புள்ளிகளுடன் இயக்கினேன். தசமங்களுடன் சரியான விடையே வந்தது. ஓரெழுத்தும் மாறாத ஒரு செய்நிரல் இரு கணினிகளில் இரு விடை தந்தது. வீட்டுக் கணினியிலிருந்தது பைதனின் மூன்றாம் பதிப்பு. பாடசாலைக் கணினியில் இரண்டாம் பதிப்பும் மூன்றாம் பதிப்பும் ஒருங்கே இருந்தன. 'பைதன்' என்று யான் அழைத்தபோது முன்வந்தது இரண்டாம் பதிப்பு. பட்டியலில் எல்லாச் சராசரியும் தசமமின்றி முழுவெண்ணாக வந்ததைக் கண்டும், அதனைப் பொருட்படுத்தாது விட்டது என் குற்றம். அதற்குள் பரிசளிப்பு விழாவின் நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது. அதிபரிடம் தவற்றை ஒப்புக்கொண்டேன். பெயர் திருத்தி வாசிக்கப்பட்டது. உரியவன் பரிசு பெற்றான். ஆயின், தன் பிழை எதுவுமின்றி, அச்சிற் பெயர் கண்டு மகிழ்ந்து பின் அதனை இழந்த மற்ற மாணவனுக்கு யான் கூறக்கூடிய சமாதானம் ஒன்றும் இருக்கவில்லை.

இரு பதிப்புகளின் வரலாறு

பைதன் மொழியை ஆக்கியவர் கீடோ வான் ரொசம் என்னும் ஒல்லாந்தர். அம்ஸ்டர்டாம் நகரிலுள்ள தேசிய கணித, கணினி விஞ்ஞான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய காலத்தில், 1989ஆம் ஆண்டு டிசெம்பர் மாத விடுமுறையில் அவர் இதனைத் தொடங்கினார். 1991இல் முதன்முறையாக இது பிறருக்கு வழங்கப்பட்டது. பைதன் என்பது மலைப்பாம்பின் பெயரேயெனினும், அவர் அப்பெயரைக் கொண்டது ஆங்கில நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் பெயரிலிருந்தேயாம்.

இரண்டாம் பதிப்பு 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்து எங்கும் பரவிற்று. பரவியபின்னரே அதன் அமைப்பிலிருந்த சில குறைகள் புலப்பட்டன. அவற்றைக் களைய வேண்டுமாயின் பழைய செய்நிரல்கள் பல இயங்காதுபோம். ஆக்கியோர் அதற்குத் துணிந்து, 2008ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் நாள் மூன்றாம் பதிப்பை வெளியிட்டனர். ஆனால் உலகு உடனே மாறிற்றில்லை. இரண்டாம் பதிப்பின் வழியில் வந்த 2.7 என்பது 2010இல் வெளியாயிற்று. அதற்கான ஆதரவு 2015இல் முடியுமென முதலில் வரையறுத்தனர்; பின்னர் 2020 வரை நீட்டினர். 2020ஆம் ஆண்டு தொடக்கத்துடன் அவ்வாதரவு நீங்க, அவ்வாண்டு ஏப்ரிலில் வெளியான 2.7.18 அவ்வழியின் இறுதிப் பதிப்பாயிற்று. இவ்வாறு பன்னிரண்டு ஆண்டளவு தாயும் சேயும் ஒரு வீட்டில் வாழ்ந்தமைபோல இரு பதிப்புகளும் உலகெங்கும் ஒரே கணினிகளில் வாழ்ந்தன.

அவற்றிடையேயுள்ள வேற்றுமைகளுள் மூன்றை மட்டும் நோக்குவாம். திரையில் ஒன்றை அச்சிடும் 'பிரின்ட்' என்னுங் கட்டளை இரண்டாம் பதிப்பில் அடைப்புக்குறியின்றி எழுதப்பட்டது. மூன்றாம் பதிப்பில் அடைப்புக்குறி இன்றியமையாதது. பழைய நூலைப் பார்த்து எழுதும் மாணவன் புதிய பதிப்பில் முதலிற் காணும் பிழை இதுவே. இப்பிழை கேடு விளைப்பதன்று. ஏனெனில் கணினி உடனே நின்று பிழையை உரைத்துவிடுகின்றது.

இரண்டாவது வேற்றுமை வகுத்தல் பற்றியது. இரண்டாம் பதிப்பில் ஒரு முழுவெண்ணை இன்னொரு முழுவெண்ணால் வகுத்தால் விடையும் முழுவெண்ணே. 7ஐ 2ஆல் வகுத்தால் 3 வரும். எஞ்சிய அரை கைவிடப்படும். மூன்றாம் பதிப்பில் அதே குறி 3.5 என்ற விடையைத் தரும். முழுவெண் மட்டும் வேண்டுவோர் சாய்கோட்டை இருமுறை இடுதல் வேண்டும். குறி ஒன்றே, பொருள் வேறு. முற்கூறிய 'நாற்றம்' போன்றதே இது. இங்கே கணினி பிழையெதனையும் உரைப்பதில்லை. இரு பதிப்பின் விதிப்படியும் எழுதியது சரியேயாதலின், வாய்திறவாது தன் விடையைத் தந்து செல்லும். பழைய செய்நிரல்களைப் புதிய வழக்கிற்கு மாற்றும் கருவி ஒன்று பைதனுடன் நெடுங்காலம் வழங்கப்பட்டது. அது அடைப்புக்குறிகளை இட்டுத்தரும். ஆனால் வகுத்தற்குறியை அது தொடுவதில்லை. எழுதியவன் முழுவெண்ணைக் கருதினானா தசமத்தைக் கருதினானா என்பதைக் கருவி எவ்வாறு அறியும்? அது மனிதனே அமர்ந்து தீர்க்கவேண்டியது.

மூன்றாவது வேற்றுமை தமிழராகிய நமக்கு நெருங்கியது. 'தமிழ்' என்னுஞ் சொல்லின் நீளத்தை இரு பதிப்புகளிடமும் வினவுவோமாக. யூனிகோட் முறையின் வழக்கமான சேமிப்பு வடிவத்தில் எழுதி வினவினால், சாதாரண எழுத்துச்சரத்துக்கு இரண்டாம் பதிப்பு 15 என விடையளிக்கும். மூன்றாம் பதிப்பு 5 என விடையளிக்கும். யூனிகோட்டில் அச்சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்னும் ஐந்து குறியீடுகளால் ஆயது. ஒவ்வொரு குறியீடும் சேமிக்கப்படுங்கால் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். பழைய பதிப்பு பைட்டுகளை எண்ணிற்று. புதிய பதிப்பு குறியீடுகளை எண்ணுகின்றது. நம் இலக்கணத்தின்படி அது மூன்றெழுத்துச் சொல் என்பதை இன்னும் எப்பதிப்பும் தானாக உரைப்பதில்லை. ஆயினும் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரே சூட்டலாம். இரண்டாம் பதிப்பில் அது இயலாது. தமிழில் தரவுகளைக் கையாள்வோர் பதிப்பை அறிந்து இயக்கவேண்டியதன் இன்றியமையாமை இதனாற் புலப்படும்.

பெயரும் பொருளும்

இனி, ஒரு கணினியில் இரு பதிப்புகள் எவ்வாறு முரணின்றி இருக்கக்கூடும் என்பதை ஆராய்வாம். நாம் எழுதிய செய்நிரலை வாசித்து நிறைவேற்றும் மென்பொருளை மொழிமாற்றி என்போம். ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு மொழிமாற்றி உண்டு. அதற்குரிய நூலகத் தொகுதிகளை வைக்கத் தனியான கோப்புறையும் உண்டு. 'பைதன்3.8', 'பைதன்3.12' என அவற்றின் முழுப்பெயர்களும் வேறுவேறு. ஆதலின் அவை அடுத்தடுத்த வீடுகளில் வாழும் குடும்பங்கள்போல ஒன்றையொன்று இடறாது இருக்கின்றன. பல பதிப்புகளை நிறுவுவதாற் கணினி பழுதுபடும் என்று சிலர் அஞ்சுவர், அவ்வச்சத்திற்கு இடமில்லை.

குழப்பம் பிறப்பது குறும்பெயரால். 'பைதன்' என்று மட்டும் கூறி அழைக்கும்போது அது நம் இலக்கணத்திற் கூறப்படும் பலபொருளொருசொல் ஆகிவிடுகின்றது. 'மா' என்ற சொல் மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். நாம் சார்பு நோக்கிப் பொருள் துணிவோம். கணினி எதனை நோக்கித் துணிகின்றது? 'பாத்' என்னும் பெயருடைய ஒரு பட்டியலை நோக்கியே. கட்டளைகள் வாழும் கோப்புறைகளின் முகவரிகள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். நாம் ஒரு பெயரைக் கூறியதும் கணினி அவ்வரிசைப்படி ஒவ்வொரு கோப்புறையாகத் தேடிச்சென்று, அப்பெயருடைய கட்டளையை முதன்முதற் கண்ட இடத்தில் நின்றுவிடும். ஒரு வீதியிற் கந்தையா என்பவரைத் தேடிச் சென்றவன், அப்பெயருடையோர் பலர் அங்கிருக்க, முதலில் எதிர்ப்பட்ட கந்தையாவிடமே கடிதத்தைக் கொடுத்துத் திரும்பியதை ஒக்கும் இது. கடிதம் சென்ற இடத்தை அறியவும் வழியுண்டு. லினக்ஸ் முறைமையில் 'விச்' என்ற கட்டளையும், விண்டோஸ் முறைமையில் 'வெயர்' என்ற கட்டளையும் அழைத்த பெயருக்குரிய முகவரியைக் காட்டும்.

இக்குறும்பெயர் எதனைக் குறிக்கவேண்டும் என்பதிலேயே உலகில் ஒருமைப்பாடு இருக்கவில்லை. பைதன் மேம்பாட்டு முன்மொழிவு 394 என்னும் ஆவணம் 2011இல், லினக்ஸ் போன்ற முறைமைகளில் அப்பெயர் இரண்டாம் பதிப்பைக் குறிப்பதே தக்கதெனப் பரிந்துரைத்தது. ஆர்ச் லினக்ஸ் வெளியிடுவோரோ அதற்கு முன்னரே, 2010இல், அப்பெயரை மூன்றாம் பதிப்புக்கு வழங்கிவிட்டனர். 2019இல் அவ்வாவணம் திருத்தப்பட்டு, அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டது. 2020இல் வெளியான உபுண்டு 20.04 தொடக்கநிலையில் அக்குறும்பெயரையே கொண்டிருக்கவில்லை. 'பைதன்3' என்றே அழைக்கவேண்டியிருந்தது. என் பட்டியல் பிழைத்தமைக்கு வேர் இங்கேதான் உள்ளது. செய்நிரலின் முதல் வரியிலே 'பைதன்3' என்று இயக்கவேண்டிய மொழிமாற்றியைக் குறித்து, அதனை அவ்வரியின் வழியே இயக்கியிருப்பேனாயின் அப்பிழை நேர்ந்திராது.

விண்டோஸ் முறைமையில் இச்சிக்கலைத் தீர்க்க 2012இல் பைதன் 3.3 உடன் 'பை' என்னும் சிறு கருவி சேர்க்கப்பட்டது. அதனை வாயில் காப்போன் எனலாம். 'பை' என்று கூறி வேண்டிய பதிப்பின் எண்ணைக் குறித்தால் உரிய மொழிமாற்றியை அது அழைத்துத் தரும். கணினியிலுள்ள பதிப்புகள் யாவை என்று வினவினாற் பட்டியலும் தரும். செய்நிரலின் முதல் வரியிற் குறித்த பதிப்பையும் அது வாசித்து அறியும்.

தனித்தனி அறைகள்

பதிப்புகளைப் பிரித்துவிட்டதால் இடர் முழுதும் நீங்கிற்றென எண்ணுதல் கூடாது. ஒரு மொழியில் வேலைசெய்வோர் பிறர் எழுதிய தொகுதிகள் பலவற்றைத் துணைக்கொள்வர். அத்தொகுதிகளுக்கும் பதிப்புகள் உண்டு. ஒரு மொழிமாற்றியின் பொதுக் கோப்புறையில் ஒரு தொகுதியின் ஒரு பதிப்பே இருக்கலாம். புதியதை நிறுவினாற் பழையது நீங்கும். இணையத்தளம் அமைக்கப் பயன்படும் ஜாங்கோ என்னுந் தொகுதியை எடுத்துக்கொள்வோம். அதன் 1.11 என்ற பதிப்பே இரண்டாம் பைதனுடன் இயங்கிய கடைசிப் பதிப்பு. 2017 டிசெம்பரில் வந்த ஜாங்கோ 2.0 மூன்றாம் பைதனை மட்டுமே ஏற்றது. 2023 டிசெம்பரில் வந்த ஜாங்கோ 5.0 பைதன் 3.10 அல்லது அதற்குப் பிந்தியதையே ஏற்கும். மூன்று காலத்தில் எழுந்த மூன்று தளங்களை ஒருவர் பேணவேண்டியிருந்தால், அவர் மூன்று பைதனையும் மூன்று ஜாங்கோவையும் ஒரே கணினியில் வைத்தாளவேண்டும்.

இதற்கெனக் கண்ட வழி மெய்நிகர்ச் சூழல் எனப்படும். இயன் பிக்கிங் என்பவர் 2007இல் ஆக்கிய கருவியொன்று இதற்கு வழிகாட்டிற்று. பின்னர் பைதன் 3.3 முதல் 'வென்வ்' என்ற பெயரில் அது மொழியின் உறுப்பாகவே அமைந்தது. ஒரு வேலைக்கென ஒரு கோப்புறையை அது ஆக்கித் தரும். அதனுள் ஒரு மொழிமாற்றியைச் சுட்டும் சுட்டியும், அவ்வேலைக்குரிய தொகுதிகளை வைக்கத் தனியிடமும், தன் மூல மொழிமாற்றி இருக்குமிடத்தைக் கூறும் சிறு குறிப்புக் கோப்பும் இருக்கும். அச்சூழலை இயக்கிவைத்தல் என்பது மாயம் ஒன்றுமன்று; அதன் கோப்புறையை முற்கூறிய 'பாத்' பட்டியலின் தலைப்பில் எழுதுதலேயாகும். முதலிற் தேடப்படும் இடம் அதுவாதலின், 'பைதன்' என்று அழைத்தால் அவ்வறையிலுள்ளதே வரும். வேலை முடிந்து அச்சூழலை நீக்கினாற் பட்டியல் பழைய நிலையை அடையும்.

இங்கு மாணாக்கர் மயங்கும் இடங்கள் இரண்டு. மெய்நிகர்ச் சூழல் தனக்கெனப் புதிய மொழிமாற்றியைப் படைப்பதில்லை, உள்ளதொன்றைச் சுட்டுவதேயாகும். ஆகவே பைதன் 3.8 வேண்டுமாயின் முதலில் அதனைக் கணினியில் நிறுவி, அதனைக் கொண்டே சூழலை ஆக்கவேண்டும். மூலத்தை நீக்கிவிட்டாற் சூழலும் செயலிழக்கும். இனி, அச்சூழலின் உள்ளே முழு முகவரிகள் எழுதப்பட்டிருத்தலால் அதனைப் பெயர்த்து வேறு கணினிக்குக் கொண்டுசெல்லுதல் தகாது. கொண்டுசெல்லவேண்டியது, எத்தொகுதி எப்பதிப்பு என்று கூறும் பட்டியலையே. 'பிப்' என்னுங் கருவி அப்பட்டியலை எழுதித் தரும். புதிய இடத்தில் அதனைப் பார்த்து அறையை மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம்.

தொடலாகாத பைதன்

லினக்ஸ் கணினியை ஆள்வோர் சிறப்பாக அறியவேண்டியது ஒன்றுண்டு. உபுண்டு போன்ற முறைமைகள் தம் சொந்த வேலைகள் சிலவற்றுக்கும் பைதனையே பயன்படுத்துகின்றன. மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் கருவிகள் சில அம்மொழியிலேயே எழுதப்பட்டவை. அவற்றுக்குரிய தொகுதிகளுட் சில சீ முதலிய மொழிகளில் எழுதப்பட்டு, குறித்த ஒரு பைதன் பதிப்புக்கெனவே தொகுக்கப்பட்டவை. அடுத்த பதிப்பிடம் கொடுத்தால் அவை இயங்கா. புதுமை விரும்பும் மாணவன் ஒருவன், 'பைதன்3' என்ற பெயர் சுட்டும் இடத்தைத் தான் நிறுவிய புதிய பதிப்புக்கு மாற்றிவிடுகின்றான். மறுநாட் கட்டளை முனையம் திறவாது; புதுப்பிக்குங் கருவியும் பிழைகூறி நிற்கும். பழையது வேண்டாமென அதனை அகற்றப் புகுவோன் நிலை அதனினும் இரங்கத்தக்கது. அதனைச் சார்ந்த பலவும் அதனுடன் செல்லும். வீட்டின் மூலைத்தூணை உருவி விறகாக்கியவன் கதையாக அது முடியும்.

இக்கேடு அடிக்கடி நிகழ்ந்தமையாற் பின்னாளில் ஒரு காவல் அமைக்கப்பட்டது. 2023இல் வெளியான டெபியன் 12, உபுண்டு 23.04 என்பன தொடங்கி, முறைமைக்குரிய பைதனுள் 'பிப்' கொண்டு எதனையும் நிறுவ முயன்றால் அது மறுத்து, மெய்நிகர்ச் சூழலை ஆக்கிக்கொள்ளுமாறு அறிவுறுத்தும். அம்மறுப்பைக் கண்டு சினந்து, அதனை மீறும் வழியைத் தேடுவோர் உளர். அம்மறுப்பு நம் நன்மைக்கென எழுந்ததென அறிந்து அடங்குதல் நன்று.

பல பதிப்புகளை அடிக்கடி மாற்றியாள்வோர்க்குப் 'பைஎன்வ்' என்னும் கருவி உதவும். ரூபி என்னும் மொழிக்கென எழுந்த ஒத்த கருவியொன்றைத் தழுவி இது ஆக்கப்பட்டது. வேண்டிய பதிப்புகளைப் பயனரின் சொந்தக் கோப்புறையுள்ளேயே இது நிறுவும். முறைமையின் பைதனைத் தொடாது. 'பைதன்' என்ற பெயரில் ஓர் இடைத்தரகனை 'பாத்' பட்டியலின் முன்னே நிறுத்திவைக்கும். அத்தரகன் தற்போதைய கோப்புறையிலும் அதன் மேற்கோப்புறைகளிலும் பதிப்பெண் எழுதிய சிறு கோப்பு உண்டோ என நோக்கி, உண்டாயின் அப்பதிப்பையும், இன்றேல் பொதுவாக வகுத்த பதிப்பையும் அழைக்கும். இதனால் ஒரு வேலையின் கோப்புறையுள் நுழைந்தவுடன் அதற்குரிய பதிப்பு தானே வந்து நிற்கும். கணினி சார்பு நோக்கிப் பொருள் துணிவதற்கு மனிதன் அமைத்துக்கொடுத்த வழி இதுவென்க.

பிறமொழிகளின் வழக்கு

பிறமொழிகளும் இவ்விடர்க்கு வழி கண்டுள்ளன. ஜாவா மொழியின் 8ஆம் பதிப்பு 2014இல் வெளிவந்தது. நெடுங்கால ஆதரவுடைய 11, 17, 21 என்பன முறையே 2018, 2021, 2023ஆம் ஆண்டுகளில் வந்தன. அவற்றை ஒருங்கே வைத்து, எது வேண்டுமென ஒரு சூழல் மாறியாற் குறிப்பர். சீ மொழியோர் வேறுநெறி கொண்டனர். அவர்தம் தொகுப்பான் ஒன்றே, 1989, 1999, 2011 ஆகிய ஆண்டுகளின் நியமங்களை அறிந்திருக்கும். எந்நியமப்படி வாசிக்கவேண்டும் என்று கட்டளையிற் கூறினாற் போதும். ரஸ்ட் என்னும் மொழியும் 2015, 2018, 2021, 2024 என்னும் ஆண்டுகளால் தன் இலக்கண வேறுபாடுகளைக் குறித்து, அனைத்தையும் ஒரே தொகுப்பானால் வாசிக்கின்றது. முன்னைய நெறி பல புலவரை ஓரவையிற் கூட்டியமை போன்றது. பின்னையது பல காலத்து வழக்கும் பயின்ற ஒரு புலவரை அமர்த்தியமை போன்றது. எந்நெறியாயினும் எக்காலத்து வழக்கு என்பதை எழுதுவோனே கூறல் வேண்டும் என்பது பொது.

பழையதைப் பேணும் அளவு

இரண்டாம் பதிப்பு ஓய்ந்தமையால் இவ்வறிவு இனி வேண்டாவோ என்று சிலர் வினவலாம். 2020 முதல் பைதன் ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தில் ஒரு புதிய பதிப்பை வெளியிடும் முறையை மேற்கொண்டிருக்கின்றது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டு ஆதரவுண்டு. ஆகவே எக்காலத்தும் நான்கைந்து பதிப்புகள் வழக்கிலிருக்கும். அவற்றிடையேயுள்ள மாற்றங்கள் 2008இன் மாற்றத்தை நோக்கச் சிறியனவே. எனினும் இல்லாதன அல்ல. தொகுதிகளை ஆக்கவும் நிறுவவும் நெடுங்காலம் பயன்பட்ட 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்னும் பகுதி 2023இல் வந்த 3.12இல் நீக்கப்பட்டது. அதனை நம்பிய பழைய செய்நிரல்கள் அங்கே நின்றுவிட்டன.

அதற்காகப் பழைய பதிப்பிலேயே என்றும் தங்கிவிடலாம் என்பதும் பொருந்தாது. ஆதரவு நீங்கிய பதிப்பிற் பாதுகாப்புக் குறையொன்று கண்டுபிடிக்கப்பட்டால், மொழியை ஆக்கியோர் அதனைத் திருத்தித் தருவதில்லை. வலையுடன் இணைந்த வேலைகளுக்கு அப்பதிப்பைப் பயன்படுத்துதல் தாழில்லாக் கதவுடைய வீட்டிற் பொருளை வைத்தலை ஒக்கும். பழைய செய்நிரல் புதிய பதிப்புக்கு மாற்றப்படும்வரை பழையதை உடன்வைத்து, மாற்றியபின் இரண்டிலும் ஒரே தரவை இட்டு விடைகளை ஒப்புநோக்கி, ஒத்தன என்று தெளிந்தபின்னரே பழையதை விடுதல் முறை. பல பதிப்புகளை ஒரு கணினியில் வைத்தற்குரிய தலையாய பயனும் இதுவே. இரண்டும் அருகருகே இருந்தாலன்றோ ஒப்புநோக்கல் கூடும்?

மாணாக்கர் மனங்கொள்ளவேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுவாம். எச்செய்நிரலையும் இயக்குமுன் இயக்குவது எப்பதிப்பு என்று வினவி அறிக. குறும்பெயரை நம்பாது பதிப்பெண்ணுடன் அழைக்கப் பழகுக. வேலைக்கொரு சூழலை ஆக்கி, அதிலுள்ள தொகுதிகளின் பட்டியலை எழுதிவைக்க. முறைமைக்குரிய பைதனைத் தொடாதிருக்க. பிறர் கையிற் செல்லக்கூடிய செய்நிரலாயின், தன்னை இயக்குவது எப்பதிப்பு என்பதைச் செய்நிரலே தொடக்கத்தில் நோக்கி, உரியதன்றாயின் நின்றுவிடுமாறு இரண்டு வரி எழுதுக. எழுதிய நாளையும் பதிப்பையும் தலைப்பிற் குறிக்க. ஏடெழுதிய நம் முன்னோருட் பலர் எழுதி முடித்த ஆண்டையும் திங்களையும் ஏட்டின் இறுதியிற் குறித்துச் சென்றனர். அக்குறிப்பே பின்வந்தோர்க்கு விளக்காயிற்று.

அன்று தாளுடன் வந்த மாணவன் பைதன் பயின்றவனல்லன். கூட்டலும் வகுத்தலும் அறிந்தவன். ஏழு புள்ளி எங்கே சென்றது என்று வினவத் துணிந்தவன். கணினி தந்தது என்பதனால் ஒரு விடையைச் சரியெனக் கொள்ளாது, கையாற் கணக்கிட்டுப் பார்க்கும் அப்பழக்கம் எப்பதிப்பிலும் பயன் தருவது. அந்நாள் முதல், யான் எழுதும் ஒவ்வொரு செய்நிரலின் முதல் வரியிலும் பதிப்பைக் குறித்துவருகின்றேன்; பட்டியலொன்றை ஒப்படைக்குமுன் இருவர் புள்ளிகளையேனும் தாளிற் கூட்டி வகுத்துப் பார்க்கின்றேன். நம் மாணாக்கரும் அவ்வாறு செய்வாராக.